எக்கோயில் எவர்க்கு? புதுச்சேரிக் கிறித்தவ ஆலயங்களும் சமூகப் பிரிவினையும் (1674–1907)

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த புதுச்சேரி நகரில் ஐரோப்பியர், சட்டைக்காரர் எனப்பட்ட கலப்பினத்தவர், பல்வேறு சாதிகளைச் சேர்ந்த தமிழ்க் கிறித்தவர் ஆகியோர் ஒரே கத்தோலிக்க சமயத்தைப் பின்பற்றினர். ஆயினும் அவர்கள் அனைவரும் ஒரே ஆலயத்தில் வழிபடவில்லை. ஒரே ஆலயத்தில் கூடியபோதும் ஒரே பகுதியில் அமரவில்லை. ஒரு கிறித்தவர் எந்தக் கோயிலுக்கு உரியவர் என்பதை அவருடைய வீட்டிலிருந்து கோயில் இருந்த தொலைவு முடிவு செய்யவில்லை. துறவியர் சபைகளின் ஆட்சியெல்லை, நிறம், உடை, சாதி ஆகியவையே முடிவு செய்தன. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் பதிவுகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, சம்பா கோயில், கப்ஸ் கோயில், நகரின் விளிம்பில் எழுந்த ஆலயங்கள் ஆகியவற்றின் வழியே இப்பிரிவினை உருவான முறையையும் அதற்கு எதிராக எழுந்த குரலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, சம்பா கோயில், கப்புச்சின் சபை, இயேசு சபை, ஆனந்தரங்கப் பிள்ளை, மலபார்ச் சடங்குச் சிக்கல், சாதிச் சுவர்.

1. முன்னுரை

புதுச்சேரி நகரின் கிறித்தவ ஆலயங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை கட்டடக் கலையையோ மறைப்பணியாளர்களின் தொண்டினையோ போற்றும் நோக்கில் அமைந்தவை. ஆலயம் கட்டப்பட்ட ஆண்டு, அதன் பாணி, அதனை அருட்பொழிவு செய்த ஆயரின் பெயர் ஆகியவற்றை அவை தருகின்றன. அக்கட்டடத்தினுள் நுழைந்தவர் எவர், எந்த வாயில் வழியே நுழைந்தார், எங்கே அமர்ந்தார் என்ற வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

சமூக வரலாற்று நோக்கில் இவ்வினாக்கள் இன்றியமையாதவை. புதுச்சேரி ஓர் ஐரோப்பிய வணிகக் குழுமத்தின் நிலையமாகத் தொடங்கிய நகரம். 1674ஆம் ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் இங்கு நிலைகொண்டபின், வணிகம் நாடியும் பாதுகாப்பு நாடியும் பலதரப்பட்ட மக்கள் குடியேறினர். நெசவாளர், வணிகர், துபாசிகள், படைவீரர், கடலோடிகள், அடிமைகள் என அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த இம்மக்களில் கிறித்தவர் சிறுபான்மையினர். அச்சிறுபான்மையினரும் ஒரே சமூகமாக இருக்கவில்லை. எனவே இந்நகரில் ஒரு கிறித்தவர் தமக்குரிய ஆலயத்தைக் கண்டடைவது என்பது நம்பிக்கை சார்ந்த செயலாக மட்டும் இராது, சமூகத்தில் தமக்குரிய இடம் எது என்பதை அறிந்துகொள்ளும் செயலாகவும் இருந்தது.

2. சான்றுகளும் அணுகுமுறையும்

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை அறிய உதவும் தமிழ்ச் சான்றுகளுள் தலையாயது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரையிலான காலத்தை உள்ளடக்கிய இந்நாட்குறிப்பு, சென்னை அரசால் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. மறைப்பணியாளர் மடல்களும் பிரெஞ்சு நிருவாக ஆவணங்களும் ஆலயத்தை மேலிருந்து காண்கின்றன. நாட்குறிப்போ அதனைத் தெருவிலிருந்து காண்கிறது.

ஆயினும் பிள்ளையை நடுநிலைச் சான்றாளராகக் கொள்ள இயலாது. அவர் கிறித்தவரல்லர். சாதி ஒழுங்கை இயல்பெனக் கருதிய வணிகர். கிறித்தவரான கனகராய முதலியாருக்குப் பின் தலைமைத் துபாசிப் பதவியை எதிர்நோக்கியிருந்தவர். இயேசு சபையினர்மீது அவருக்கு ஐயமும் மனக்கசப்பும் இருந்தன. எனவே நிகழ்வுகளுக்கு அவர் தரும் விளக்கத்தையும், விளக்கத்தினிடையே தம்மையறியாமல் விட்டுச் செல்லும் செய்திகளையும் பிரித்துக் காண்பது தேவையாகிறது. ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்களின் பேச்சு தமிழில் பதிவாகியிருப்பது, அவர்கள்பால் பரிவற்ற இந்த எழுத்தில்தான் என்பது இச்சான்றின் தனித்தன்மை.

3. இரு சபைகள், இரு பங்குகள்

பிரெஞ்சுக்காரருடன் முதலில் வந்தவர்கள் கப்புச்சின் சபைத் துறவியர். குழுமத்தின் ஊழியர்களுக்கு ஆன்மிகப் பணியாற்றுவது அவர்களின் கடமையாக இருந்தது. சயாம் நாட்டில் 1688இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தால் வெளியேற நேர்ந்த இயேசு சபையினர் 1689இல் புதுச்சேரியை அடைந்தனர். நகரின் மேற்குப் பகுதியில் நிலம் பெற்று, பதினான்காம் லூயி மன்னனின் பொருளுதவியுடன் 1692இல் ஓர் ஆலயம் எழுப்பினர். 1693இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரரால் அது அழிந்தது. 1697ஆம் ஆண்டின் ரிசுவிக் உடன்படிக்கைக்குப் பின் 1699இல் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

நகர் மீட்கப்பட்ட காலத்தில் ஆன்மிக ஆட்சியெல்லை பற்றிய பூசல் முற்றியது. தமிழ்க் கிறித்தவர்களை இயேசு சபையினரிடமும், ஐரோப்பியரையும் கலப்பினத்தவரையும் கப்புச்சின் சபையினரிடமும் ஒப்படைக்கும் ஏற்பாட்டை மயிலாப்பூர் ஆயர் செய்தார். தமிழர்களிடையேயும் பணியாற்றி வந்த கப்புச்சின் சபையினர் இதனை எதிர்த்தனர். பூசல் உரோமைக்கும் பாரிசுக்கும் சென்றது. எனினும் நகரில் நடைமுறை இவ்வாறே நிலைத்தது.

இந்த ஏற்பாட்டின் விளைவு ஆழமானது. கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்கப்படி பங்கு என்பது நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்டது. ஓர் எல்லைக்குள் வாழ்வோர் அனைவரும் ஒரே பங்கினர். புதுச்சேரியிலோ ஒரே நிலப்பரப்பில் இரு பங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. எவர் எந்தப் பங்கினர் என்பதை இனமும் உடையும் காட்டின. பிரெஞ்சு ஆவணங்கள் கலப்பினத்தவரையும் ஐரோப்பிய உடை உடுத்திய உள்ளூர்க் கிறித்தவரையும் ‘தொப்பியணிந்தோர்’ என்ற பொருள்படும் தொடரால் சுட்டின. ஒருவர் கப்புச்சின் சபையினரின் கோயிலுக்கு உரியவர் என்பதற்குத் தலையில் இருந்த தொப்பியே அடையாளமாயிற்று.

டச்சுக்காரர் தம் குறுகிய ஆட்சிக்காலத்தில் வரைந்த நேர்த்தெருக்கட்ட அமைப்பைப் பிரெஞ்சுக்காரர் பின்னர் விரிவுபடுத்தினர். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதியும் மேற்கே தமிழர் பகுதியும் அமைந்தன. கப்புச்சின் கோயில் கிழக்கிலும் இயேசு சபைக் கோயில் மேற்கிலும் நின்றன. ஆன்மிக எல்லையும் நகரமைப்பின் எல்லையும் ஒன்றையொன்று வலுப்படுத்தின.

4. பெயர்களில் உறைந்த வரலாறு

மக்கள் வழக்கு இவ்வரலாற்றை இன்றும் காத்து வருகிறது. அமலோற்பவ அன்னை பேராலயம் என்பது திருச்சபை வழங்கும் பெயர். நகர மக்கள் அதனைச் சம்பா கோயில் என்பர். நாட்குறிப்பில் இது ‘சம்பாவுல் கோயில்’ எனப்படுகிறது. புனித பவுலைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லான ‘சாவோ பவுலோ’ என்பதன் தமிழ்த் திரிபே இது. கோவாவில் இயேசு சபையினர் நடத்திய புனித பவுல் கல்லூரியால் அச்சபையினருக்குப் ‘பவுலியர்’ என்ற பெயர் வழங்கியது. ஆகவே சம்பா கோயில் என்பது அவ்வாலயத்தின் பாதுகாவலரைக் குறிக்கவில்லை; அதனை நடத்திய சபையைக் குறிக்கிறது. துய்மா வீதியிலுள்ள தூதர்களின் அன்னை ஆலயத்தைக் கப்ஸ் கோயில் என்று வழங்குவதும் இத்தகையதே. கப்புச்சின் என்பதன் குறுக்கமே கப்ஸ்.

இயேசு சபையினர் 18ஆம் நூற்றாண்டிலேயே இக்கோயிலை விட்டு நீங்கினர். கப்புச்சின் சபையினரும் நகரில் இப்பொறுப்பிலிருந்து அகன்று நெடுங்காலமாயிற்று. இரு ஆலயங்களின் பெயர்கள் மட்டும் அவர்களைச் சுட்டி நிற்கின்றன. தேவாலயங்களைத் திருநாமத்தால் அறியாது, ‘எவருடைய கோயில்’ என்ற வினாவின் விடையாலேயே மக்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பெயர்கள் சான்றாகின்றன.

5. துபாசிப் பதவியும் சமயமும்

ஆலயப் பிரிவினையை நகரின் அதிகார அரசியலிலிருந்து பிரித்துக் காண இயலாது. தலைமைத் துபாசி கிறித்தவராகவே இருத்தல் வேண்டும் என்று இயேசு சபையினர் வற்புறுத்தினர். இந்துவான நைனியப்ப பிள்ளை 1708இல் அப்பதவியைப் பெற்றார். 1716இல் கைது செய்யப்பட்டு, 1717இல் சிறையில் உயிர் நீத்தார். அவர்மீது சுமத்தப்பட்ட பழி பின்னர் நீக்கப்பட்டது. அவருடைய மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று முறையிட்டு, அங்கே திருமுழுக்குப் பெற்று, வீரத்திருத்தகைப் பட்டத்துடன் திரும்பித் துபாசியானார். அவருக்குப் பின் கிறித்தவரான கனகராய முதலியார் 1746இல் இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார்.

தமிழ்க் கிறித்தவ மேட்டுக்குடியினரின் நிலையை விளக்க முதலியாரின் ஒரு செயல் போதுமானது. 1745ஆம் ஆண்டில் உழவர்கரையில் தாம் எழுப்பிய ஆலயத்தின் தொடக்க விழாவில் அவர் பெருவிருந்து அளித்தார். ஐரோப்பியரும் கிறித்தவரும் மட்டுமன்றி அந்தணர், வேளாளர், கோமுட்டிகள் முதலிய சாதியினரும் அழைக்கப்பட்டனர். ஒவ்வொரு சாதியினரின் முறைமைக்கேற்பச் சமையலும் பந்தியும் தனித்தனியே அமைக்கப்பட்டன. இதனைப் பதிவு செய்த பிள்ளை, சமயத்தில் கிறித்தவராகவும் நடைமுறையில் தமிழ் வழக்கத்தினராகவும் ஒருங்கே இருக்க முயன்றதைக் குறை கூறுகிறார். பிள்ளைக்கு முரணாகத் தோன்றிய இதுவே மேட்டுக்குடிக் கிறித்தவரின் இயல்பு வாழ்க்கை. ஆலயம் அவர்களுக்குச் சாதியைக் கைவிடும் இடமன்று. சாதி மதிப்பைப் புதிய அரசின் முன்னிலையில் நிலைநாட்டும் இடம்.

6. 1745: சம்பா கோயிலின் சுவர்

6.1 பின்னணி: சடங்குச் சிக்கல்

தமிழ்ச் சமூக வழக்கங்களை எந்த அளவிற்கு ஏற்கலாம் என்பது குறித்த பூசல் மதுரை மறைபரப்புத் தளத்தில் இராபர்ட் தெ நோபிலியின் காலத்திலிருந்தே நிலவியது. 1703 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704இல் வெளியிட்ட ஆணையில் பல வழக்கங்களைத் தடை செய்தார். ஒடுக்கப்பட்ட சாதியினரின் இல்லங்களுக்குள் சென்று நோயாளிகளுக்குத் திருவருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் மறுக்கலாகாது என்பதும் அவ்வாணையில் அடங்கும். இயேசு சபையினர் இதனை எதிர்த்து வாதிட்டனர். கப்புச்சின் சபையைச் சேர்ந்த நோர்பெர்ட் அடிகள் இயேசு சபையினரைக் கடுமையாகச் சாடி 1744இல் நூல் வெளியிட்டார். அதே 1744 செப்டம்பரில் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதி ஆணையைப் பிறப்பித்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டிற்கு அது இடமளித்தது.

இங்கு ஒரு முரண் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களைப் புறக்கணிக்கலாகாது என்ற கொள்கையும் அவர்களுக்குத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாடும் ஓர் ஆணையிலேயே இணைந்தன. சமத்துவக் கோரிக்கைக்குப் பிரிவினையின் வடிவிலேயே விடை தரப்பட்டது.

6.2 நிகழ்வு

1745 அக்டோபர் மாதக் குறிப்பில் பிள்ளை தரும் செய்தி பின்வருமாறு அமைகிறது. சம்பா கோயிலின் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒரு புறத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்கள் வழிபட்டனர். மறுபுறத்தில் சாதிக் கிறித்தவர்களும் சட்டைக்காரரும் ஐரோப்பியரும் கூடினர். காரைக்காலிலிருந்து குரு ஒருவர் வந்திருந்த சூழலில், ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்கள் திரண்டு சென்று குருவிடம் முறையிட்டனர். இறைவன் தம் அடியாரிடையே வேற்றுமை வகுக்கவில்லை என்றும், சாதிக் கிறித்தவர்கள் தம்மை ஒதுக்கியதற்குக் குருக்களும் உடன்பட்டுவிட்டனர் என்றும், இதற்கு விளக்கம் வேண்டும் என்றும் அவர்கள் அஞ்சாது வாதிட்டனர். முறையீட்டின் நியாயத்தை ஏற்ற குரு, சுவரை இடிக்கச் செய்தார். அன்று மாலை வழிபாட்டில் அனைவரும் வேறுபாடின்றிக் கலந்து அமர்ந்தனர்.

நிகழ்வு இத்துடன் முடியவில்லை. அதே வழிபாட்டிற்குச் சாதிக் கிறித்தவக் குடும்பத்துப் பெண்ணொருவர் மெல்லிய மசுலின் ஆடையும் அணிகலன்களும் நறுமணப் பூச்சும் அணிந்து வந்தார். குரு வழிபாட்டை நிறுத்தி, கைப்பிரம்பால் அவரைத் தீண்டி, அனைவர் முன்னிலையிலும் கடிந்து வெளியேறச் சொன்னார். சாதிக் கிறித்தவப் பெண்கள் இனி மெல்லிய ஆடையும் நறுமணமும் தவிர்த்து, சட்டைக்காரப் பெண்களின் முறையில் அணிகலன் பூணவேண்டும் என்றும் கட்டளையிட்டார். ஆடவர் திரண்டு எதிர்த்தனர். கோயிலுக்கு வருவதில்லை என்றனர். குரு ஆளுநர் தூப்ளேயிடம் முறையிட, நான்கு கிறித்தவர்களுக்கு மேல் கூடிப் பேசினால் சிறையிலடைக்குமாறு ஆளுநர் ஆணையிட்டார்.

6.3 ஆய்வு

இப்பதிவு நான்கு உண்மைகளை உணர்த்துகிறது.

முதலாவதாக, சுவரை அகற்றும் கோரிக்கை மறைப்பணியாளரிடமிருந்து எழவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்தே எழுந்தது. அவர்கள் இரக்கம் வேண்டி நிற்கவில்லை. தாம் ஏற்ற சமயத்தின் கொள்கையையே சான்றாக்கி விளக்கம் கேட்டனர். மறைப்பணி வரலாறுகள் குருவின் பெருந்தன்மையாகக் காணக்கூடிய இச்செயலை, மக்களின் வாதத்திற்குக் கிடைத்த வெற்றியாகக் கொள்வதே பொருந்தும்.

இரண்டாவதாக, காலப் பொருத்தம் கருதத்தக்கது. திருத்தந்தையின் ஆணை வெளிவந்து ஓராண்டு கடந்த நிலையில் இது நிகழ்ந்தது. அவ்வாணைக்கும் இந்நிகழ்வுக்கும் உள்ள தொடர்பை நாட்குறிப்பு கூறவில்லை. ஆயினும் இயேசு சபையினர் தம் நடைமுறைகளுக்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டிருந்த காலம் அது. அக்காலத்தில் இத்தகைய முறையீடு எளிதில் புறந்தள்ளத்தக்கதாக இருந்திராது எனக் கருதலாம்.

மூன்றாவதாக, சுவரின் ஒரு புறத்தில் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும் ஒருங்கிருந்தனர் என்ற செய்தி, ‘வெள்ளையர் கோயில், தமிழர் கோயில்’ என்ற எளிய பகுப்பைக் கேள்விக்குள்ளாக்குகிறது. ஆவணங்களில் நிறம் எல்லையாக இருந்தது. சம்பா கோயிலுக்குள் சாதியே எல்லையாக இருந்தது. ஐரோப்பியர் அந்த எல்லையின் மேற்புறத்தில் இடம்பெற்றனர்.

நான்காவதாக, சுவர் வீழ்ந்த நாளிலேயே ஒரு பெண் அவமதிக்கப்பட்டார். இவ்விரண்டையும் பிரித்து, முன்னதைச் சீர்திருத்தம் எனவும் பின்னதைத் தனிமனிதக் கடுமை எனவும் கொள்வது பொருந்தாது. இரண்டும் ஒரே அதிகாரத்தின் செயல்கள். எவர் எங்கே அமரலாம் என முடிவு செய்த அதிகாரமே, பெண் எவ்வாறு உடுத்த வேண்டும் என்பதையும் முடிவு செய்தது. சமத்துவம் மக்களின் உரிமையாக ஏற்கப்படாது குருவின் கட்டளையாக வழங்கப்பட்டது. அதனாலேயே, எதிர்ப்பை அடக்க ஆளுநரின் ஆணை தேவைப்பட்டது. சாதி மேலாண்மையின் இழப்பும் பெண்ணின் மதிப்பிற்கு நேர்ந்த இழுக்கும் சாதிக் கிறித்தவ ஆடவரின் எதிர்ப்பில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அப்பெண்ணின் சொல் மட்டும் பதிவில் இடம்பெறவில்லை.

7. ஒப்பீடு

இது புதுச்சேரிக்கோ கத்தோலிக்கருக்கோ மட்டும் உரிய நிலையன்று. தரங்கம்பாடியில் லுத்தரன் மறைப்பணியாளர் 1718இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதி அடிப்படையில் தனித்தனி இருக்கை வழக்கம் நிலவியது. சீர்திருத்தத் திருச்சபையில் இவ்வழக்கத்தை ஒழிக்கக் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சை, திருச்சி, வேப்பேரி சபைகளில் வேளாளக் கிறித்தவர் கடுமையாக எதிர்த்தனர். தஞ்சை வேதநாயக சாத்திரியார் சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதினார். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயம் இரு சாதிப் பிரிவினருக்கும் இரு தனிக் கூடங்களுடன் அமைந்தது. அங்கிருந்த தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அகற்றப்பட்டது.

இவற்றுடன் ஒப்பிடுகையில், ஒடுக்கப்பட்ட மக்களே நேரில் சென்று வாதிட்டு ஒரு சுவரை வீழ்த்திய 1745ஆம் ஆண்டு நிகழ்வு காலத்தால் முந்தியது என்பது தெளிவாகிறது. வில்சனின் சுற்றறிக்கைக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னர் இது நிகழ்ந்தது.

8. அண்டைக் கோயில்: 1748

சம்பா கோயிலை அடுத்து வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே அதனை அகற்ற இயேசு சபையினர் முயன்றனர். நகரைவிட்டு வெளியேறுவோம் என்ற இந்துக்களின் அச்சுறுத்தலும், வணிகம் பாழாகும் என்ற அச்சமும் அம்முயற்சிகளைத் தடுத்தன. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டபோது அக்கோயில் இடிக்கப்பட்டது. இதற்குக் குருக்களும் ஆளுநரின் துணைவியாரும் காரணம் எனப் பிள்ளை எழுதுகிறார். கோயில் பின்னர் வேறிடத்தில் எழுப்பப்பட்டது.

ஆலயத்தின் உட்சுவர் வீழ்ந்த மூன்றாண்டுகளில் ஆலயத்தின் வெளிப்புறத்தே மற்றொரு சமயத்தின் கோயில் வீழ்ந்தது. முன்னதில் நலிந்தோரின் குரல் அதிகாரத்தை அசைத்தது. பின்னதில் அதிகாரம் போர்ச் சூழலைப் பயன்படுத்திப் பெரும்பான்மை மக்களின் குரலைப் புறக்கணித்தது. சம்பா கோயிலின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒருசேரக் கூறக் கடமைப்பட்டவர்கள்.

9. இடிபாடும் மறுகட்டுமானமும்: 1761–1791

1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. 1728 முதல் 1736 வரை கட்டப்பட்டிருந்த பெரிய சம்பா கோயிலும் அவ்வழிவிற்குத் தப்பவில்லை. 1765இல் பிரெஞ்சுக்காரர் நகரைத் திரும்பப் பெற்றனர். இதற்கிடையே பிரான்சில் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. 1773இல் திருத்தந்தையே அச்சபையைக் கலைத்தார். 1776இல் பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் பொறுப்பேற்றனர். பழைய அடித்தளத்தின்மீது எழுந்த இன்றைய பேராலயம் 1791 சூனில் ஆயர் ஷாம்ப்னுவா அவர்களால் அருட்பொழிவு செய்யப்பட்டது. ஈராண்டுகளில் நகரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. சபை மாறிய போதும் இருபங்கு முறை மாறவில்லை. பழைய பெயரும் மாறவில்லை.

10. தொப்பி, காலணி, பெயர்: 19ஆம் நூற்றாண்டு

1816க்குப் பின் பிரெஞ்சு ஆட்சி நிலைபெற்றது. ஐரோப்பியருக்கும் தொப்பியணிந்தோருக்கும் ஒரு திருத்தூதுத் தலைவரும், தமிழர்களுக்கு அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் ஆயரும் என இரட்டை ஆட்சி தொடர்ந்தது. கப்ஸ் கோயிலின் இன்றைய கட்டடம் 1855இல் எழுந்தது. அதே ஆண்டில் மறைபரப்புத் தளத்தின் அச்சகம் மூசே, துப்புய் ஆகியோரின் தமிழ்–பிரெஞ்சு அகராதியை வெளியிட்டது. கிழக்கே பிரெஞ்சு மொழியில் மன்றாடிய கோயில் எழ, மேற்கே தமிழைப் பயின்று தொகுத்த அச்சகம் இயங்கியமை இரு பங்குகளின் வேறுபட்ட உலகங்களைக் காட்டும்.

உடை என்னும் அடையாளம் ஆலயத்திற்கு வெளியேயும் சிக்கலாயிற்று. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றம் சென்றமைக்காகத் தண்டிக்கப்பட்டார். அவ்வழக்கு பிரான்சு வரை சென்றது. 1881 செப்டம்பர் ஆணை, உள்ளூர்ச் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிவகுத்தது. அவ்வாறு துறந்தவர்கள் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களைச் சூடினர். பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த் ஆனார். கிறித்தவர் பலரும் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலரும் இவ்வழியை நாடினர். 1745இல் ஆலயத்தில் கேட்கப்பட்ட சமநிலை, இப்போது சட்டத்தில் நாடப்பட்டது எனலாம்.

1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானது. இனத்தால் வகுக்கப்பட்ட இரட்டை ஆன்மிக ஆட்சி முடிவை நெருங்கியது.

11. நகரின் விளிம்பில்

பிரிவினை வகுத்த நகர மையத்திற்கு வெளியே உழவர்கரை, அரியாங்குப்பம், நெல்லித்தோப்பு, வில்லியனூர் ஆகிய இடங்களில் எழுந்த ஆலயங்கள் வேறொரு போக்கைக் காட்டுகின்றன. அரியாங்குப்பத்திலும் வில்லியனூரிலும் மாதா விழாக்களே ஆலயத்தின் முகவரி. 1870களில் எழுந்த வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்திற்குப் பிரான்சிலிருந்து 1877இல் சுருபம் வந்தது. ஆலயத்தின் முன்னுள்ள குளம் தமிழ்க் கோயில்களின் திருக்குளத்தை நினைவூட்டுகிறது. தேர்த்திருவிழாவில் பிற சமயத்தவரும் நேர்ச்சை செலுத்துகின்றனர். பங்குப் பதிவேடு எவரை எங்கே சேர்த்திருந்தாலும், நேர்ச்சை செய்வோர் தமக்குரிய கோயிலைத் தாமே தேர்ந்தனர்.

நகரின் தென்புறத்தில் 1902 முதல் 1907 வரை கட்டப்பட்ட தூய இருதய ஆண்டவர் ஆலயம், கோத்திக் பாணியில் அமைந்தது. 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. இயேசு சபையினருக்கும் கப்புச்சின் சபையினருக்கும் இடையிலான பழைய பூசலின் சுமையின்றித் தோன்றிய இவ்வாலயத்திற்குச் சபைப் பெயர் எதுவும் மக்கள் வழக்கில் ஒட்டவில்லை.

12. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

புதுச்சேரியில் ஒரே நிலப்பரப்பில் இரு பங்குகள் அமைந்ததால், ஒரு கிறித்தவரின் ஆலயத்தை அவர் வாழ்ந்த இடம் தீர்மானிக்கவில்லை. இனமும் உடையும் தீர்மானித்தன. சம்பா கோயில், கப்ஸ் கோயில் ஆகிய பெயர்கள் அதன் எச்சங்கள்.

ஆலயங்களுக்கு இடையே நிறம் எல்லையாக இருந்தது. ஆலயத்தினுள் சாதி எல்லையாக இருந்தது. 1745இல் அவ்வெல்லையை வினவியவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களே. அவர்களுக்குக் கிடைத்த விடை, அதிகாரத்தின் கட்டளையாக அமைந்ததால் வலுவற்றதாயிற்று.

இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்திற்கு உட்பட்ட ஏறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறித்தவர்கள் தமக்குத் தனிப் பங்கு வேண்டுமெனப் போராடினர். அதனையொட்டிய மோதலில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் இருவர் உயிரிழந்தனர். 1745இல் சுவர் வேண்டா என்றனர். 2008இல் தனிக்கோயில் வேண்டும் என்றனர். மேலோட்டமாக நோக்கின் இவை எதிரெதிரான கோரிக்கைகள். ஆயின் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: எங்கே அமர்வது என்பதைப் பிறர் முடிவு செய்யலாகாது என்பதே அது. தமிழகக் கிறித்தவ வரலாற்றைக் கோயில்கள் கட்டப்பட்ட ஆண்டுகளின் வரிசையாக எழுதும் முறை மாறி, கோயிலுக்குள் இடம் கேட்டோரின் வரலாறாகவும் எழுதப்படும்போதே இத்தொடர்ச்சி புலப்படும். உழவர்கரை, நெல்லித்தோப்பு முதலிய பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை இந்நோக்கில் ஆராய்வது அடுத்த கட்டப் பணியாக அமையும்.